வீட்டில் தேன்கூடா, குளவிக்கூடா, கதண்டா? அறிகுறி பார்த்துக் கையாளும் வழி

தேனீப் பெட்டி வைத்திருப்பதால், அக்கம்பக்கத்தில் எந்த வீட்டில் கூடு கட்டினாலும் எனக்குத்தான் போன் வரும். எடுத்ததுமே பெரும்பாலானவர்கள் கேட்பது, "மண்ணெண்ணெய் ஊத்திக் கொளுத்திடலாமா?" என்றுதான். வேண்டாம். கூட்டினால் வருகிற ஆபத்தைவிட, அதை அவசரமாக அழிக்கப் போய் வருகிற ஆபத்து பெரியது. தீப்பந்தம் பிடித்தவரோடு போவதில்லை. கீழே வேடிக்கை பார்த்தவர், பக்கத்து வீட்டுப் பாட்டி, கட்டிப்போட்ட மாடு என்று எல்லோருக்கும் கொட்டு விழும். பூச்சி மருந்து ஸ்பிரேயை நெருப்போடு சேர்த்து அடிப்பவர்களும் உண்டு. அந்த டப்பாவுக்குள் இருக்கும் வாயு தீப்பிடிக்கக் கூடியது.

நான் திருப்பிக் கேட்பது மூன்று கேள்விகள். கூடு மெழுகா, காகிதம் மாதிரியா, மண்ணா? எங்கே தொங்குகிறது? எத்தனை நாளாக இருக்கிறது? கிட்டே போகாமல், வீட்டுக்குள் இருந்தே செல்போன் கேமராவைப் பெரிதாக்கி ஒரு படம் எடுத்தால் பாதி விடை கிடைத்துவிடும். பூச்சியும் தெரிய வேண்டும். தேனீக்கு உடம்பில் ரோமம் இருக்கும், இடுப்பு தடித்திருக்கும். குளவி வழவழப்பாக, இடுப்பு நூலாக இருக்கும். கீழே உங்கள் வீட்டு நிலைமை எதுவோ அதற்கு நேராகப் போங்கள். ஆனால் முதல் இரண்டு பகுதிகளை எல்லோரும் படித்துவிடுங்கள்.

யாரையோ கொட்டிவிட்டது

கூட்டை விடுங்கள், ஆளைப் பாருங்கள். முதலில் அந்த இடத்தை விட்டு வீட்டுக்குள் வர வேண்டும். தேனீ கொட்டும்போது ஒரு வாசனையை விடுகிறது. வாழைப்பழ வாசனை போலவே இருக்கும். மற்ற தேனீக்களுக்கு அது "இங்கே கொட்டு" என்கிற அழைப்பு. கொட்டிய இடத்தில் நின்றுகொண்டு கொடுக்கைத் தேடினால் அடுத்த பத்தும் அங்கேயேதான் வந்து கொட்டும்.

உள்ளே வந்ததும் கொடுக்கை எடுங்கள். தேனீயின் கொடுக்கில் முள் இருப்பதால் அது தோலில் மாட்டிக்கொள்ளும். கூடவே விஷப்பையும் பிய்ந்து வந்து, துடித்துத் துடித்து விஷத்தை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும். நகத்தால் கிள்ளி எடுக்கலாமா, அட்டையால் சுரண்ட வேண்டுமா என்று யோசித்துக்கொண்டிருக்காதீர்கள். எப்படி எடுத்தாலும் சரி, உடனே எடுக்க வேண்டும். நொடிகள்தான் கணக்கு. குளவியும், அதில் பெரிய வகையான கதண்டும் கொடுக்கை விட்டுப் போகாது. ஒரே பூச்சி பல முறை கொட்டும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, துணி மாற்றி, ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வையுங்கள். மோதிரம், வளையல், அரைஞாண் இருந்தால் வீங்குவதற்கு முன்பே கழற்றிவிடுங்கள். சுண்ணாம்பு தடவ வேண்டாம். அது தோலைப் புண்ணாக்கும்.

ஒன்றிரண்டு கொட்டுக்கு, கொட்டிய இடம் மட்டும் வீங்கி இரண்டாம் நாள் இன்னும் கொஞ்சம் பெரிதாவது சாதாரணம். ஒரு வாரத்துக்குள் வடிந்துவிடும். கொட்டாத இடத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. உடம்பெல்லாம் தடிப்பு, உதடு நாக்கு கண் இமை வீக்கம், குரல் கம்முவது, மூச்சிரைப்பு, வாந்தி, வயிற்றைப் பிசைவது, தலை சுற்றிக் கண் இருட்டுவது: இவற்றில் எது வந்தாலும் ஒவ்வாமை உடம்பு முழுக்கப் பரவுகிறது என்று பொருள். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தொடங்கிவிடும். ஒரே ஒரு கொட்டிலும் வரலாம். போன தடவை ஒன்றும் ஆகவில்லை என்பது இந்தத் தடவைக்கு உத்தரவாதம் இல்லை. உடனே 108. ஆளைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் மட்டும் சாய்ந்து உட்காரலாம். எழுந்து நடக்க விடாதீர்கள். ஆஸ்பத்திரியில் தொடைத் தசையில் போடும் அட்ரினலின் ஊசிதான் இதற்கு முதல் மருந்து. அவில், டெக்ஸா ஊசிகள் துணைக்குத்தான். அட்ரினலினுக்கு மாற்று அல்ல. "ஒவ்வாமை மாதிரி இருக்கு, மூச்சு வாங்குது" என்று உள்ளே நுழையும்போதே சொல்லுங்கள்.

ஒவ்வாமையே இல்லாவிட்டாலும், நிறையக் கொட்டு வாங்கியவர் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். பெரியவருக்குப் பத்து இருபதைத் தாண்டினால், குழந்தைக்கு அதைவிடக் குறைவாக இருந்தாலே, கதண்டு என்றால் நாலைந்து கொட்டானாலும் போய்விடுங்கள். விஷத்தின் அளவே தசையையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். அது அன்றே தெரியாமல் அடுத்தடுத்த நாட்களில் தெரியலாம். வீட்டுக்கு வந்த பிறகு சிறுநீர் குறைந்தாலோ, கட்டன் டீ நிறத்தில் போனாலோ ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது. வாய்க்குள், தொண்டையில், கண்ணில் கொட்டியிருந்தாலும் எண்ணிக்கை பார்க்க வேண்டாம், கிளம்புங்கள்.

துரத்திக்கொண்டு வருகின்றன

கையை வீசாதீர்கள். சட்டையை, துப்பட்டாவை இழுத்து முகத்தை மூடி, வழி தெரியும் அளவுக்கு விட்டு, கிட்டத்தில் இருக்கிற வீட்டுக்குள்ளோ காருக்குள்ளோ ஓடிக் கதவைச் சாத்துங்கள். உள்ளே நாலைந்து கூடவே வரும், பரவாயில்லை. விளக்கை அணைத்தால் அவை ஜன்னல் வெளிச்சத்துக்குப் போய்விடும். கிணற்றிலோ குளத்திலோ குதிக்க வேண்டாம். தலையைத் தூக்கும் வரை அவை மேலேயே சுற்றும். ஆள் கூட்டத்துக்குள்ளும் ஓடாதீர்கள். ஓட முடியாத முதியவர், குழந்தை என்றால் கம்பளியோ தார்ப்பாயோ போட்டு முழுதாக மூடி, தரையோடு தரையாக இருக்கச் செய்யுங்கள்.

காலையில் இல்லை, மத்தியானம் ஒரு பெரிய கொத்தாக மாமரத்தில் தொங்குகிறது

கொத்துக்குள் ராட்டு, அதாவது மெழுகு அடை, தெரிகிறதா என்று பாருங்கள். வெறும் தேனீக்கள் மட்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு தொங்கினால், அது கூடு அல்ல. ஒரு கூட்டம் பிரிந்து, ராணியோடு கிளம்பி, அடுத்த வீடு தேடும் வழியில் இளைப்பாறுகிறது. சாரண் தேனீக்கள் நாலு திசையும் போய் இடம் பார்த்துக்கொண்டிருக்கும். காக்க வேண்டிய முட்டையோ புழுவோ தேனோ இல்லாததால் இந்த நிலையில் அவை சாதுவாகவே இருக்கும். பெரும்பாலும் சில மணி நேரத்தில், மிஞ்சினால் இரண்டு மூன்று நாளில் கிளம்பிவிடும். மலைத்தேனீ வலசை போகும் வழியில் இறங்கினால் மட்டும் கூடுதலாகச் சில நாள் தங்கலாம்.

செய்ய வேண்டியது, ஒன்றும் செய்யாமல் இருப்பது. அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்துங்கள், நாயை அவிழ்த்து வேறு இடத்தில் கட்டுங்கள், பிள்ளைகள் கல் எறியாமல் ஒரு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள். அருகில் தேனீ வளர்ப்பவர் இருந்தால் சொல்லுங்கள். பெட்டியில் வளர்க்கிற அடுக்குத் தேனீயாக இருந்தால் பெட்டியோடு ஓடி வருவார். அந்த நாட்களில் பரணில், காலி டிரம்மில், குழாயில், சுவர் ஓட்டையில் அவை குடியேறாமல் மூடி வைப்பது நல்லது.

தண்ணீர் டேங்க் அடியில், சன்ஷேடில், பால்கனிக்கு மேலே பெரிய அரைவட்ட ராட்டு

இது மலைத்தேனீ. பெருந்தேனீ என்றும் சொல்வார்கள். நம் ஊர்த் தேனீக்களில் பெரியது. ஒரே ஒரு ராட்டு, திறந்த வெளியில், ஒரு மீட்டர் அகலம் வரைகூட வளரும். ராட்டின் மேல் தேனீக்களே பல அடுக்குத் திரையாக மூடியிருக்கும். ஏதாவது அருகில் அசைந்தால் அந்தத் திரையில் ஓர் அலை ஓடும்: வயிற்றை ஒரு நொடி தூக்கித் தூக்கி இறக்கும்போது பளபளவென்று ஒரு வளையம் கூடு முழுக்கப் பரவும். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். ஆனால் அது எச்சரிக்கை. அலை அடிக்கடி ஓடினால் நீங்கள் நிற்கும் தூரம் போதாது என்று அர்த்தம்.

பூக்கும் காலம் முடிந்ததும் இந்தக் கூட்டம் தானாகவே கிளம்பிவிடும். ஆண்டு முழுக்க ஒரே இடத்தில் இருக்காது. ஆள் நடமாட்டம் இல்லாத உயரத்தில் இருந்தால் சில மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். அந்தச் சில மாதத்தில் வரும் தொல்லைகள் தனித்தனி ரகம்.

காலையில் டியூப்லைட்டுக்குக் கீழே தேனீக்கள் செத்துக் கிடக்கின்றனவா? மலைத்தேனீ நிலா வெளிச்சத்திலும் பறக்கக் கூடியது. இரவில் உங்கள் விளக்குக்கு வந்து முட்டி மோதி விழுகிறது. கூட்டைத் தொட வேண்டிய தேவையே இல்லை. அந்தப் பக்க விளக்குகளை அணையுங்கள், வெள்ளை விளக்கை மங்கிய மஞ்சள் விளக்காக மாற்றுங்கள், திரையை இழுத்துவிடுங்கள். இரண்டொரு நாளில் குறைந்துவிடும். விழுந்து கிடப்பதை வெறுங்காலால் மிதிக்காதீர்கள், கையால் பொறுக்காதீர்கள். செத்த தேனீயின் கொடுக்கும் குத்தும், விளக்குமாறுதான்.

காயப்போட்ட துணியிலும் கார் மேலும் மஞ்சள் புள்ளிகளா? பெயின்டும் இல்லை, மருந்தும் இல்லை. கூட்டமாக வெளியே பறந்து அவை போடும் எச்சம், மகரந்தம் நிறைந்தது. இந்தப் புள்ளிகள் உலக அரசியலையே ஒரு ஆட்டு ஆட்டியிருக்கின்றன. 1981இல் தென்கிழக்கு ஆசியாவில் சோவியத் ஆதரவோடு விஷ மழை பொழியப்படுகிறது என்று அமெரிக்கா குற்றம் சாட்டியது. 'மஞ்சள் மழை' என்று பேசப்பட்ட அந்தப் புள்ளிகளை ஆராய்ந்த ஹார்வர்ட் உயிரியலாளர் மேத்யூ மெசல்சனும் தேனீ ஆய்வாளர் தாமஸ் சீலியும், அது ஆசியத் தேனீக்களின் எச்சம் என்று எடுத்துக்காட்டினார்கள். துணியை உடனே தண்ணீரில் அலசினால் போகும்; காய்ந்தால் கறை நிற்கும். காருக்கு உறை போடுங்கள்.

"நாங்க ஒண்ணுமே பண்ணல, திடீர்னு வந்து கொட்டிச்சு" என்பது அடிக்கடி கேட்கும் புகார். உண்மையாகவே அவர்கள் ஒன்றும் செய்திருக்க மாட்டார்கள். வானத்தைப் பாருங்கள். தேன்பருந்து வந்து ராட்டைப் பிய்த்துக்கொண்டு போனால், கலைந்த தேனீக்கள் கீழே கண்ணில் பட்டவரையெல்லாம் கொட்டும். அது இல்லையென்றால் அதிர்வோ புகையோ காரணமாக இருக்கும்: டிரில்லிங், மொட்டை மாடியில் பட்டாசு, ஹோமப் புகை, குப்பை எரித்த புகை. கோயில் கோபுரத்திலும் சுடுகாட்டுப் பக்கத்து மரத்திலும் தேனீ கலைந்து ஊரே ஓடுவது பெரும்பாலும் இப்படித்தான். கூடு இருக்கும் காலத்தில் வீட்டில் விசேஷம் என்றால் புகையையும் வெடியையும் வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.

பள்ளிக்கூடம், மாடிப்படி, லிஃப்ட் அறை வாசல் என்று தவிர்க்கவே முடியாத இடத்தில் கூடு இருந்தால் அகற்றத்தான் வேண்டும். ஆனால் அது உங்கள் வேலை அல்ல, வாட்ச்மேன் வேலையும் அல்ல. நீலகிரியில் குறும்பர்கள் பாறை விளிம்பில் இரவில், புகையோடு, கயிற்றேணியில் இறங்கித் தேன் எடுக்கிறார்கள். அந்தப் பழக்கம் தலைமுறைகளாக வந்தது. உங்கள் ஊரிலும் மலைத்தேன் எடுத்துப் பழகியவர் இருந்தால் அவரை அழையுங்கள். இல்லையென்றால் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறைக்கு 101. வேலை இருட்டிய பிறகுதான் நடக்க வேண்டும். அன்று மாலையே குடியிருப்பு முழுக்கச் சொல்லி, எல்லா ஜன்னலும் சாத்தி, எல்லா வெளிவிளக்கும் அணைந்திருக்கிறதா என்று ஒருவர் சுற்றிப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு விளக்கு எரிந்தாலும் கலைந்த கூட்டம் அந்த வீட்டுக்குத்தான் போகும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் கொஞ்சம் தேனீக்கள் பழைய இடத்தையே சுற்றும். அந்தப் பக்கம் யாரும் போகாமல் இருந்தால் போதும்.

மருந்து அடித்த கூட்டின் தேனை ஒரு சொட்டுகூட நாக்கில் வைக்காதீர்கள். அடுத்தவருக்குக் கொடுத்துவிடவும் வேண்டாம்.

சுவருக்குள், மீட்டர் பெட்டிக்குள், மரப் பொந்தில் இருந்து போய் வருகின்றன

அடுக்குத் தேனீ. பொந்துத் தேனீ என்பதும் இதைத்தான். இருட்டான பொந்துக்குள் பல ராட்டுகளை அடுக்கடுக்காகக் கட்டும். வாசல் ஒரு விரல் நுழையும் ஓட்டையாக இருக்கலாம். இரவில் சுவரில் காதை வைத்தால் ரீங்காரம் கேட்கும்.

எல்லோரும் செய்யும் முதல் காரியம், சிமென்ட் வைத்து அந்த ஓட்டையை அடைப்பது. அடைத்தால் அவை சாகாது. வேறு வழி தேடும். அந்த வழி உங்கள் படுக்கையறை ஸ்விட்ச் போர்டாக இருக்கும். சரி, மருந்து அடித்துக் கொன்றுவிடலாம் என்றால், உள்ளே இருக்கிற தேனும் மெழுகும் புழுவும் அப்படியே இருக்கும். ராட்டை விசிறிக் குளிர்விக்கத் தேனீ இல்லாததால் வெயிலில் மெழுகு இளகி, தேன் சுவரில் கசியும். எறும்பு, கரப்பான், நாற்றம் என்று மாதக்கணக்கில் அனுபவிக்க வேண்டும்.

நல்ல செய்தி, இந்தத் தேனீயை உயிரோடு பெட்டிக்கு மாற்ற முடியும். மாலை நேரத்தில் லேசாகப் புகை காட்டி, ராட்டுகளை ஒவ்வொன்றாக அறுத்து, புழு இருக்கும் ராட்டைப் பெட்டியின் சட்டத்தில் வைத்து வாழை நாரால் கட்டுவார்கள். ராணியைக் கண்டுபிடித்துச் சின்னக் கூண்டில் அடைத்து உள்ளே வைத்துவிட்டால், மற்ற தேனீக்கள் வாசனை பிடித்துத் தாமாகவே பெட்டிக்குள் ஏறிக்கொள்ளும். அந்தக் காட்சியை ஒரு முறை பார்த்தவர் மறுபடி கொளுத்தச் சொல்ல மாட்டார். பிறகு அந்தப் பொந்தைச் சுரண்டிக் கழுவி அடைக்க வேண்டும். சுவரை உடைக்க முடியாத இடமென்றால், வாசலில் கம்பி வலையால் கூம்பு வைத்து, வெளியே வர மட்டும் வழி விட்டு, பக்கத்தில் பெட்டி வைக்கும் முறை உண்டு. அதற்குப் பல வாரம் ஆகும், பொறுமை வேண்டும்.

தேனீ வளர்ப்புக்குப் பேர்போன மார்த்தாண்டம் பக்கம் இருப்பவர்களுக்கு ஆள் தேட வேண்டியதே இல்லை. மற்ற மாவட்டங்களில் வேளாண் அறிவியல் நிலையத்தைக் கேட்டால் தேனீ வளர்ப்பவர் யார் என்று தெரியவரும்; கோவை வேளாண் பல்கலைக்கழகம் தேனீ வளர்ப்புப் பயிற்சியே கொடுக்கிறது. 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் (Thai sacbrood) என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவில் இந்தத் தேனீயைக் கூட்டம் கூட்டமாக அழித்தது. குமரி மாவட்டத்தில் பெட்டிகள் வெறுமையாகிப் போயின. அதிலிருந்து மீண்டு வந்த இனம் இது. உங்கள் சுவருக்குள் இருப்பதும் அதன் வாரிசுதான், முடிந்தவரை கொல்லாதீர்கள்.

மீட்டர் பெட்டி என்றால் முதலில் மின்வாரிய ஆளை வரவழைத்து இணைப்பைத் துண்டித்த பிறகுதான் எதுவும். தேன் கசிந்த பெட்டியில் கை வைப்பது கொட்டைவிட மோசமானது.

சுவர் ஓட்டையிலிருந்து பிசின் குழாய் நீட்டிக்கொண்டிருக்கிறது, கொசு போலப் பூச்சிகள்

கொசுத்தேனீ. கொட்டாது, கொட்டவும் முடியாது. தொந்தரவு செய்தால் முடிக்குள் புகுந்து லேசாகக் கடிக்கும், அவ்வளவுதான். விட்டுவிடுங்கள்.

அதேபோல செம்பருத்திச் செடியிலோ வேலியிலோ ஒரு குச்சியைச் சுற்றி உள்ளங்கை அளவு ஒற்றை ராட்டு இருந்தால் அது கொம்புத் தேனீ. கிளையை ஆட்டாதவரை ஒன்றும் செய்யாது. செடியைக் கத்தரிக்கும் வேலையைத் தள்ளிப் போடுங்கள்.

ஜன்னல் ஓரத்தில், ஷட்டருக்குள், சுருட்டி வைத்த ஹோஸ் பைப்பில் சாம்பல் நிறக் காகிதக் கூடு

மரநாரை மென்று கூழாக்கி, கீழ்நோக்கித் திறந்த சின்னச் சின்ன அறைகளாகக் கட்டுகிற குளவி. காம்பு ஒன்றில் தொங்கும். தென்னிந்திய வீடுகளில் சாதாரணமாகக் காணும் ஒரு சிறு குளவியை, ரோபாலிடியா மார்ஜினேட்டாவை, பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் ராகவேந்திர கடக்கர் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார். அதன் ராணி மற்ற குளவிகளை அடித்து அதட்டி ஆள்வதில்லை. பார்த்தால் ராணி என்றே தெரியாத அளவுக்கு அமைதியானது. செடியைத் தின்னும் புழுக்களைப் பிடித்துக்கொண்டு போகும் என்பதால் தோட்டக்காரருக்கு உதவியும்கூட.

எனவே முதல் கேள்வி, அந்த ஜன்னலைத் திறந்தே ஆக வேண்டுமா? இல்லையென்றால் விடுங்கள். கதவுப் பிடி, குழாய்த் திருகு, பிள்ளைகள் கை வைக்கும் இடம் என்றால் எடுக்கலாம். கூட்டமாக வாழும் பூச்சிகளின் கூடுகளில் நீங்களே எடுக்கக்கூடிய ஒரே கூடு இதுதான். அதற்கும் கட்டாயமான நிபந்தனைகள் உண்டு. கூடு உள்ளங்கையைவிடச் சிறியதாக, குளவிகளை விரல் விட்டு எண்ண முடிவதாக இருக்க வேண்டும். தரையில் நின்றபடியே எட்ட வேண்டும். ஏணி கூடாது, கொட்டைவிட விழுவதுதான் எலும்பை உடைக்கும். வீட்டில் யாருக்காவது ஒவ்வாமை இருந்தால் அவர் அங்கே இருக்கக் கூடாது.

நன்றாக இருட்டிய பிறகு, அல்லது விடிவதற்கு முன் செய்யுங்கள். முழுக்கைச் சட்டை, பேன்ட், ஷூ, முகத்துக்கு வலை அல்லது கண்ணாடியோடு மெல்லிய துணி. டார்ச்சில் சிவப்பு ஜெலட்டின் தாள் ஒட்டுங்கள். பூச்சிக்குச் சிவப்பு தெரியாது, வெள்ளை வெளிச்சம் என்றால் நேரே உங்கள் கைக்கு வரும். ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மூன்று ஸ்பூன் பாத்திரம் துலக்கும் திரவத்தைக் கலந்து, தொலைவில் இருந்து பீய்ச்சும் ஸ்பிரேயரில் ஊற்றிக் கூடு முழுக்க நனையும்படி அடியுங்கள். சோப்புத் தண்ணீர் பூச்சியின் மூச்சுத் துளைகளை அடைத்துவிடும். அடித்ததும் பின்வாங்கி உள்ளே போய்க் கதவைச் சாத்துங்கள். மறுநாள் காலையில் பார்த்து, அசைவில்லையென்றால் நீளக் குச்சியால் காம்போடு தட்டி எடுத்து, காம்பு ஒட்டியிருந்த இடத்தைச் சோப்பால் தேய்த்துத் துடைத்துக் கொஞ்சம் எண்ணெய் தடவிவிடுங்கள்.

பந்து போல, பானை போல மூடிய கூடு. ஒரே ஒரு வாசல்

நிறுத்துங்கள். இது கதண்டு. தெற்கே கடந்தை என்பார்கள், செய்தியில் விஷ வண்டு என்று வரும். கறுத்த உடம்பு, வயிற்றில் ஆரஞ்சு கலந்த மஞ்சள் பட்டை, சாதாரணக் குளவியைவிட நன்றாகப் பெரியது. பனை மட்டைக்குள், தென்னையில், ஓட்டு வீட்டு இறவாணத்தில், சில வகை தரை ஓட்டையிலும் கட்டும். கூட்டின் மேல் அலையலையாகப் பழுப்புக் கோடுகள் ஓடும். நூறு நாள் வேலைக்குப் போனவர்கள், பனை ஏறியவர்கள், வரப்பு வெட்டியவர்கள் கொட்டுப்பட்டு உயிரே போன செய்திகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது.

சோப்புத் தண்ணீர், ஸ்பிரே, தீப்பந்தம், கல் எதுவும் வேண்டாம். வெளியே மூடியிருக்கும் உறை மருந்தை உள்ளே விடாது. வாசலில் அடித்த நொடியில் வெளியே வந்துவிடும். 101க்கு அழைத்து, "கதண்டுக் கூடு, இத்தனை அடி உயரம், பக்கத்தில் பள்ளிக்கூடம், மின்கம்பி இருக்கிறது" என்று விவரமாகச் சொல்லுங்கள். ஏணியும் உடையும் அதற்கேற்ப எடுத்து வருவார்கள். அவர்கள் வரும்வரை அந்தப் பாதையில் கயிறு கட்டி ஒரு பலகை வையுங்கள். பால்காரர், பேப்பர் போடும் பையன், ஆடு மேய்ப்பவர் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள், அவர்களுக்குத் தெரிய வழியில்லை.

தோட்டத்தில் தரை ஓட்டையிலிருந்து பெரிய குளவிகள் வரிசையாகப் போய் வருவதைப் பார்த்தாலும் இதே நடைமுறைதான். மண் போட்டு மூடவோ கொதிநீர் ஊற்றவோ போகாதீர்கள்.

சுவரில், புத்தக அலமாரியில் மண் உருண்டை

இது தனியாக வாழும் மண் குளவி. கூட்டமும் இல்லை, காவலும் இல்லை. கூட்டை உடைத்தாலும் பாய்ந்து வராது. சிலந்தியையோ பச்சைப் புழுவையோ கொட்டி மயக்கி, உயிரோடு அந்த மண் அறைக்குள் அடைத்து, அதன்மேல் முட்டை இடும். "கொட்டக் கொட்டக் குளவி" என்று புழுவே குளவியாவதாகச் சொல்வார்களே, உள்ளே நடப்பது வேறு: முட்டையிலிருந்து வரும் குளவிப் புழு அந்த இரையைத் தின்று வளர்ந்து, மண்ணைத் துளைத்து வெளியே வருகிறது. வட்ட ஓட்டை இருந்தால் குடி போய்விட்டது, சுரண்டி எடுக்கலாம். குளவி கூடு கட்டினால் வீட்டில் குழந்தை வரும் என்று பெரியவர்கள் தடுத்தால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள், சில வாரத்தில் எப்படியும் காலியாகிவிடும்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் இது ஆபத்து. குழாய்த் துளைகளை அடைத்துவிடும். ஏசி தண்ணீர்க் குழாய், கேஸ் கீசரின் புகைபோக்கி, ஜெனரேட்டர் குழாய் இவற்றை நெடுநாள் கழித்து இயக்கும் முன் பாருங்கள். 1996 பிப்ரவரியில் டொமினிக்கன் குடியரசில் பிர்கன்ஏர் விமானம் கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். வேகத்தை அளக்கும் குழாய் அடைபட்டிருந்தது. அதை அடைத்தது மண் குளவிக் கூடாக இருக்கலாம் என்பதே விசாரணையின் சந்தேகம். விமானம் பல நாள் நின்றிருந்தபோது அந்தக் குழாய் மூடி போடாமல் இருந்திருக்கிறது.

உத்தரத்தில் வட்ட ஓட்டை, கீழே மரத்தூள்

கறுத்துப் பருத்த, நீலம் மின்னும் இறக்கை கொண்ட, பெரிய சத்தத்தோடு வரும் வண்டு. அது மரத்தைத் துளைக்கும் ஒரு தேனீ. மிரட்டுவதுபோல முகத்துக்கு நேரே நின்று பறப்பது பெரும்பாலும் ஆண். அதற்குக் கொடுக்கே கிடையாது. மரத்துக்கு வார்னிஷ் அடியுங்கள், காலியான ஓட்டையை மரமக்கு வைத்து அடையுங்கள்.

கூடு எங்கும் இல்லை, ஆனால் குழாயடியில் தேனீ மொய்க்கிறது

கோடையில் இது சகஜம். ராட்டைக் குளிர்விக்கத் தண்ணீர் எடுத்துப் போகின்றன. சொட்டும் குழாயைச் சரிசெய்யுங்கள். அதே நேரத்தில், வீட்டுக்குக் கொஞ்சம் தள்ளி நிழலில் ஒரு மண் தட்டில் கூழாங்கல் போட்டு, கல் பாதி முங்கும் அளவு தண்ணீர் வையுங்கள். ஒரு முறை பழகிவிட்டால் அங்கேயே போகும். நடுவில் இரண்டு நாள் தட்டைக் காய விட்டால் மறுபடி உங்கள் குழாய்க்கு வந்துவிடும்.

எடுத்த இடத்திலேயே மறுபடி மறுபடி கட்டுகின்றன

மலைத்தேனீ பழைய இடத்துக்கே ஆண்டுதோறும் திரும்பும். மெழுகு வாசனை ஒட்டியிருந்தால் புதுக் கூட்டமும் வரும். கூட்டம் போன பிறகு அந்த இடத்தைக் கரண்டியால் சுரண்டி, சோப்புத் தண்ணீரால் கழுவி, பெயின்ட் அடியுங்கள். பொந்து, கேபிள் ஓட்டை, எக்ஸாஸ்ட் ஃபேன் சந்து எல்லாவற்றுக்கும் கொசுவலைக் கம்பி வையுங்கள். காகிதக் குளவியும் கதண்டும் தொடக்கத்தில் ஒன்றிரண்டு பூச்சிகளோடுதான் கட்ட ஆரம்பிக்கும். கதண்டின் முதல் கூடு ஒரு எலுமிச்சை அளவுதான் இருக்கும். வாரத்துக்கு ஒரு முறை, வீட்டைக் கூட்டும்போது சன்ஷேடின் அடியையும் மாடிப்படியின் அடியையும் மோட்டார் அறையையும் அண்ணாந்து பாருங்கள். அந்த அளவில் கண்டுபிடித்துச் சொன்னால், தீயணைப்பு வீரருக்கும் பத்து நிமிட வேலைதான்.